மும்பையில் முதன்முறையாக டீம் லீடர் ஆகும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மும்பைக்கு வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆனபின் ஒருநாள், நாலைந்து பேரைக் காட்டி "இனிமே இவங்க உங்க டீம்" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அதற்கென்று எந்தப் பயிற்சியும் கிடைப்பதில்லை. வேலை நன்றாகத் தெரியும், ஆட்களை நடத்தித்தான் பழக்கமில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நான் இருப்பது க்ளியரிங், ஃபார்வர்டிங் துறையில், அதாவது ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்து அனுப்பிவைக்கும் வேலையில். நவா ஷேவா துறைமுகத்துக்கும் ஃபோர்ட் பகுதி அலுவலகங்களுக்கும் நடுவே ஓடுகிற வேலை. உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். வங்கியிலோ ஐ.டி.யிலோ மருத்துவமனையிலோ இருப்பவர்கள் தங்கள் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட வேலையில் நல்ல தலைமை என்பதில் முக்கால் பங்கு, சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில் சொல்லிவிடுவதுதான். லீவு உண்டா இல்லையா, இன்று எத்தனை மணிக்குக் கிளம்பலாம், செய்த வேலையில் எங்கே பிழை, மேலிடத்தில் என்ன முடிவானது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்தால், வீணாவது நமக்குக் கீழே இருப்பவரின் நேரம். கல்யாணிலிருந்தும் விராரிலிருந்தும் தினமும் மூன்று மணி நேரத்தை ரயிலுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம்மோடு வேலை செய்கிறார்கள். அவர்களிடம் மிச்சமிருக்கும் நேரம் கொஞ்சம்தான்.

எனக்குப் பதவி எதுவும் இல்லை. இதெல்லாம் எனக்கு எதற்கு?

பதவி வருவதற்கு முன்பே பழகிக்கொள்வது எளிது. மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்து போகிறார்கள், யார் எதைச் செய்வது என்று யாருக்கும் தெளிவில்லை. அப்போது ஒருவர், "ஷிப்பிங் பில்லை நான் பார்த்துக்கறேன். கன்டெய்னர் புக்கிங் நீங்க பார்த்துடுங்க. நாலு மணிக்கு ஒரு தடவை பேசிடலாம்" என்று சொன்னால் அந்த வேலை நடந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு, எந்தக் கையெழுத்தை யாரிடம் வாங்க வேண்டும், எந்தப் பார்ட்டிக்கு (வாடிக்கையாளருக்கு) காலையில் போன் செய்யக் கூடாது என்றெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுப்பவரும் இந்த வகைதான். இப்படிப்பட்டவரைத் தேடிப் பதவி வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பல இடங்களில் வருவதில்லை. ஆனால் பக்கத்து மேஜைக்காரருக்கு அது அன்றாடம் பெரிய உதவி.

நேற்றுவரை ஒன்றாகக் கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) குடித்தவர்கள் இன்று எனக்குக் கீழே. எப்படி நடந்துகொள்வது?

கட்டிங் சாயை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் "பதவி வந்ததும் மாறிட்டான்" என்ற பேச்சு அன்றைக்கே ஆரம்பித்துவிடும். விட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: டீமில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவது. நேற்று அது வெறும் அரட்டை. இன்று நீங்கள் அதே வார்த்தையைச் சொன்னால், கேட்பவர் அதை அந்த ஆளின் இன்க்ரிமென்ட்டோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்வார்.

அந்தப் பதவியைத் தானும் எதிர்பார்த்திருந்த நண்பர் ஒருவர் அநேகமாக இருப்பார். முதல் வாரத்திலேயே அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "உங்க பேரும் போயிருந்ததுன்னு எனக்குத் தெரியும். வருத்தமா இருக்கும். எக்ஸ்போர்ட்ல உங்களுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது, அந்தப் பக்கம் முடிவெடுக்கறதை உங்ககிட்டயே விடறேன்" என்று சொல்லலாம். சொன்னபடி விடவும் வேண்டும். அவர் உடனே சமாதானம் ஆகிவிட மாட்டார். மாதக்கணக்கில் ஆகலாம், அவசரப்படுத்தாதீர்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் லீவு கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

இந்த ஊரில் டீம் லீடருக்கு வருகிற முதல் சோதனை இதுதான். ஒரு சாதாரண டீமை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கண் கரையின் ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கத்துக்காரர் கணபதிக்கு (விநாயகர் சதுர்த்திக்கு) ஊருக்குப் போயே ஆக வேண்டும், அவர்கள் குடும்பத்துக் கணபதி ஊர் வீட்டில்தான் எழுந்தருளுவார். பிகார்க்காரருக்குத் தீபாவளி கழிந்த ஆறாம் நாள் சத் பூஜை. நமக்குப் பொங்கல். ரம்ஜான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு மே மாதம். இவற்றில் திடீரென்று வருவது எதுவுமில்லை. எல்லாமே ஜனவரி முதல் தேதியன்றே காலண்டரில் இருக்கின்றன.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பண்டிகைக் கூட்டம் உள்ள நாட்களுக்குக் காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்ததுமே வெயிட்டிங் லிஸ்ட் விழுந்துவிடும். கொங்கண் ரயிலானாலும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸானாலும் இதே நிலைதான். ஆகவே உங்கள் பதில் அந்த அறுபதாவது நாளுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பார்க்கலாம், பக்கத்துல வரட்டும், சொல்றேன்" என்பது பல மேலாளர்களுக்கு வாயில் தயாராக இருக்கும் பதில். மறுப்பதைவிட இது மோசம். மறுத்திருந்தால் அவர் வீட்டில் சொல்லி வேறு ஏற்பாடு செய்திருப்பார். "பார்க்கலாம்" என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தவர், லீவு கிடைக்கும்போது டிக்கெட் இல்லாமல் தட்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

நான் சிபாரிசு செய்யும் முறை எளியது. ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எல்லோரையும் உட்காரவையுங்கள். ஒவ்வொருவரும் தனக்குக் கட்டாயம் வேண்டிய நாட்களையும், கிடைத்தால் நல்லது என்ற நாட்களையும் எழுதட்டும். போன வருடம் யார் விட்டுக்கொடுத்தார் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இரண்டு பேர் மோதினால் நீங்கள் தீர்ப்புச் சொல்லும் முன் அவர்களையே பேசவிடுங்கள். "கணபதிக்கு நான் பார்த்துக்கறேன், பொங்கலுக்கு நீ பாரு" என்று பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். உங்கள் லீவும் அந்தத் தாளில் மற்றவர்களுடையதோடு சேர்ந்தே வர வேண்டும். லீடர் முதலில் தனக்குப் பொங்கலை எடுத்துக்கொண்டு மீதியைப் பங்கு போட்டால், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் கவனித்திருப்பார்கள்.

ஊரில் சாவு, ஆஸ்பத்திரி என்று போன் வந்தால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. "கிளம்புங்க, இங்க நாங்க பார்த்துக்கறோம்" என்பதுதான் முதல் வார்த்தை. யாருக்கு என்ன ஆனது, எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் பிறகு. இங்கிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடைசியாக முகம் பார்ப்பதற்கு விமானம்தான் வழி என்றால் அன்றைக்கே கையில் பணம் வேண்டும். உங்கள் நிறுவனத்தில் சம்பள முன்பணம் கிடைக்குமா, அதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டிருப்பவரை அக்கவுண்ட்ஸ் கவுண்டரில் நிற்கவைக்கக் கூடாது.

மழை நாளில் ஆட்களை எப்போது வீட்டுக்கு அனுப்புவது? மேலிடத்திலிருந்து ஒன்றும் சொல்லவில்லையே?

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தது. அதே நாளில் நகரின் தென்முனையான கொலாபாவில் பதிவானது 73 மி.மீ. மட்டும். ஃபோர்ட்டிலும் நரிமன் பாயின்ட்டிலும் ஜன்னல் வழியே பார்த்தவர்களுக்கு அது வழக்கமான ஜூலை மழையாகத்தான் தெரிந்திருக்கும். அந்நேரம் புறநகரில் ரயில் நின்று, சாலை மூழ்கிக்கொண்டிருந்தது. மாலை வழக்கம்போல் கிளம்பியவர்கள் வழியில் மாட்டிக்கொண்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் இரவெல்லாம் நடந்தவர்களும் அலுவலகத்திலேயே படுத்தவர்களும் ஏராளம். டீம் லீடர் இதிலிருந்து ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்: மழை கனத்தால் நம் ஜன்னலை நம்பாமல், ஆட்கள் குடியிருக்கும் இடத்தைக் கேட்பது. "முலுண்ட்ல எப்படி? டோம்பிவ்லி? வசாய்?" ஆளுக்கு ஒரு போன் வீட்டுக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

கடல் ஏற்றத்தையும் பார்க்க வேண்டும். அலை 4.5 மீட்டருக்கு மேல் எழும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் நகரத்துத் தண்ணீர் கடலுக்குள் வடியாது. ஹிந்த்மாதா, சயான், குர்லா போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். குர்லா பக்கம் தண்டவாளத்தில் நீர் ஏறினால் சென்ட்ரல் லைன், ஹார்பர் லைன் இரண்டுமே தடுமாறும். இப்படிப்பட்ட ஏற்ற நாட்களின் பட்டியல் பருவமழைக்கு முன்பே மாநகராட்சியிடமிருந்து வந்துவிடுகிறது. அதை ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. மேலே இருப்பவர் ஒருவேளை வோர்லியிலோ தாதரிலோ குடியிருப்பார், காரில் போவார். அவருக்குத் தோன்றாதது இயல்பு. மதியம் ஒரு மணிக்கே நீங்கள் செய்தி அனுப்புங்கள்: "சார், ரெட் அலர்ட் இருக்கு, நாலு மணிக்கு ஹை டைட். பத்லாபூர், பன்வேல் ஆளுங்களை ரெண்டு மணிக்கு அனுப்பறேன். மிச்ச வேலையை நானும் பக்கத்துல இருக்கறவங்களும் முடிச்சுடறோம். வேற மாதிரி செய்யணும்னா சொல்லுங்க." அனுப்பட்டுமா என்று கேட்டால் பதில் வர நாலு மணி ஆகும். அனுப்புகிறேன், வேலைக்கு இன்ன ஏற்பாடு என்று சொன்னால் அநேகமாக "சரி" என்று உடனே வரும்.

தூரம் போகிறவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள் முதலில் போக வேண்டும், லீடர் கடைசியில். வீடு போய்ச் சேர்ந்ததும் குழுவில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். எல்லோருடைய வரியும் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பதும் உங்கள் வேலை. சீக்கிரம் அனுப்பியதை அரைநாள் லீவாகக் கழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காக ஹெச்.ஆரோடு வாதாட வேண்டிவந்தாலும் வாதாடுங்கள். மழை வராமல் போய், "வீணா அனுப்பிட்டீங்களே" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஒரு மதியத்து வேலையை மறுநாள் சரிக்கட்டிவிடலாம்.

ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையும் வாட்ஸ்அப்பில் வேலை சொல்லலாமா?

கப்பலின் கட்-ஆஃப் நேரம் (சரக்கைத் துறைமுகத்தில் சேர்க்க வேண்டிய கடைசி நேரம்) ஞாயிறு பார்த்து வராது, அதைத் தெரிந்துகொண்டுதான் எங்கள் துறைக்கு வருகிறோம். ஆனால் அதற்கு முறை வைத்து, இந்த ஞாயிறு யார் என்று இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடலாம். இரவு பத்து மணிக்கு நினைவுக்கு வந்ததையெல்லாம் தட்டி அனுப்புவது வேறு. "காலைல பார்த்தா போதும்" என்று கூடவே எழுதினாலும் பயனில்லை. அனுப்பியவர் லீடர் என்பதால், செய்தி வந்தவர் சாப்பாட்டை விட்டு எழுந்து லேப்டாப்பைத் திறப்பார். குறித்துவைத்துக்கொண்டு காலையில் அனுப்புங்கள்.

ஞாயிறு விடுமுறையே இந்த ஊர் ஆலைத் தொழிலாளர்கள் கேட்டு வாங்கியது. 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய நாராயண் மேகாஜி லோகண்டே, வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று விடாமல் கேட்டார். ஆலை முதலாளிகள் 1890-இல்தான் இறங்கிவந்தார்கள். அப்படிக் கிடைத்த நாளை நம்முடைய மறதிக்காகவோ பொறுமையின்மைக்காகவோ பிறரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வரச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஞாயிறு அவர் வரும் பாதையில் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது) உண்டா என்று முதலில் பாருங்கள். மாற்று விடுமுறை எந்தத் தேதி என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். "அப்புறம் எடுத்துக்கலாம்" என்ற மாற்று விடுமுறையை அநேகமாக யாரும் எடுத்ததில்லை.

தவறு செய்தவரை எப்படிக் கண்டிப்பது?

அன்றே, தனியாக, நடந்ததை மட்டும் பேசுங்கள்.

பில்லில் கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) பெயர் தவறாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லோர் முன்னாலும் "எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினால் அந்த நிமிடம் உங்கள் கோபம் ஆறும். ஆனால் அடுத்த தவறை அவர் மறைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் மறைப்பார்கள். எங்கள் வேலையில் மறைத்த தவறு துறைமுக வாசலில் வெளிப்படும், அப்போது அதைத் திருத்த ஆகும் செலவே வேறு. "நேத்து போன பில்லுல கன்சைனி பேர் தப்பா போயிருக்கு. திருத்தத்துக்குப் போட்டாச்சு. எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பழைய பில்லைப் பிரதி எடுத்துத் திருத்தியிருப்பார். அல்லது மூன்று வேலையை ஒரே நேரத்தில் அவர் தலையில் போட்டது நீங்களாகவே இருக்கலாம். பல சமயம் ஆளை மாற்றாமல் வேலை செய்யும் முறையை மாற்றினாலே போதும்.

அதே தவறு மூன்றாவது முறை வந்தால் மழுப்பக் கூடாது. "இது மூணாவது தடவை. இனி ஒரு மாசத்துக்கு உங்க பில்லை இன்னொருத்தர் பார்த்த பிறகுதான் அனுப்பணும்" என்று நேராகச் சொல்லுங்கள். இதையெல்லாம் மனதிலேயே வைத்திருந்து ஏப்ரல் மாத அப்ரைசலில் முதல்முறையாக எடுத்து விடுபவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். ஜூன் மாதமே சொல்லியிருந்தால் அவர் ஜூலையில் திருந்தியிருப்பாரே.

எல்லாவற்றையும் நானே செய்தால்தான் சரியாக வருகிறது. மற்றவரிடம் எப்படி விடுவது?

வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் மும்பை டப்பாவாலாக்களைப் பாருங்கள். 1890-இல் தொடங்கிய வேலை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முகாதம் (தலைவர்) உண்டு. அவர் மேற்பார்வை பார்ப்பதோடு நிற்பதில்லை, தானும் டப்பா தூக்குகிறார். யாராவது வராத நாளில் கைகொடுக்கக் குழுவில் கூடுதல் ஆட்களும் வைத்திருக்கிறார்கள். முக்கியமாக, டப்பா எங்கே போக வேண்டும் என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இல்லை. டப்பாவின் மூடியிலேயே எழுத்தும் எண்ணும் நிறமுமாக எழுதியிருக்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அது மாறிக்கொண்டே போவது அதனால்தான் முடிகிறது.

உங்கள் வேலையில் அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். ஒரு பார்ட்டிக்கு எந்த லைனில் (கப்பல் நிறுவனத்தில்) புக் செய்வது, எந்த ஆவணம் இன்னும் வரவில்லை, யாரிடம் பேசினால் வேலை நகரும் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள்ளேயே இருந்தால், நீங்கள்தான் செய்ய வேண்டிவரும். எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு ஷீட்டில் போடுங்கள். பிறகு ஒரு பார்ட்டியை முழுதாக ஒருவரிடம் கொடுங்கள். முதல் இரண்டு தடவை அவர் உங்களைவிட மெதுவாகத்தான் செய்வார். பொறுக்காமல் பிடுங்கினால் மூன்றாவது தடவை அவராகவே உங்களிடம் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

மேலதிகாரி சொல்லும் தேதிக்குள் வேலை முடியாது. எப்படிச் சொல்வது?

முடியாது என்று தெரிந்த அன்றே சொல்வது. எங்கள் துறையில் இதற்கு ரூபாய்க் கணக்கே உண்டு. இறக்குமதிச் சரக்குக்குப் பொதுவாக, அது வந்து சேருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறைக்கான இறக்குமதிப் படிவம்) தாக்கலாகிவிட வேண்டும். தவறினால் முதல் 3 நாட்களுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன்பின் தினம் 10,000 ரூபாய் கட்டணம் ஏறும். பார்ட்டியிடமிருந்து இன்வாய்ஸ் வரவில்லை என்பதைத் திங்கட்கிழமை சொன்னால் மேலே இருப்பவர் நேராகப் பேசி வாங்கித் தருவார். வியாழக்கிழமை சொன்னால் அவரால் கோபப்பட மட்டுமே முடியும். உங்கள் துறையில் இப்படிப் பட்டியல் இல்லாவிட்டாலும் தாமதத்துக்கு விலை உண்டு.

போகும்போது பிரச்சினையோடு இரண்டு வழிகளையும் கொண்டுபோங்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசும் முடியாது. முதல் பாதியை வெள்ளிக்கிழமை தரலாம், இல்லாட்டி ரெண்டு பேரைக் கூடக் கொடுத்தா முழுசும் தரலாம். எது வேணும்?" டீமைக் காட்டிக்கொடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். மேலே போகும்போது எல்லாம் "என் டீம் தவறவிட்டது, பொறுப்பு எனக்கு" என்றுதான் போக வேண்டும்.

நடுவில் வந்து விழும் ஒவ்வொரு அவசரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. இன்றைய பிரிட்டன் மன்னர் சார்லஸ் 2003-இல் இளவரசராக மும்பை வந்து டப்பாவாலாக்களைச் சந்தித்தபோது, அவர்கள் வேலை நேரத்துக்கு ஏற்றபடி தன் நேரத்தை அவர்தான் அமைத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக் காத்திருப்பவருக்குக் கொடுத்த வாக்கு அவர்களுக்கு முதலில். வாடிக்கையாளருக்கு மூன்று மணி என்று சொல்லியிருந்தால், இயக்குநருக்கு வேண்டிய அறிக்கையை நாலு மணிக்குத் தருகிறேன் என்று பணிவாகச் சொல்லலாம்.

டீமில் இன்னொரு தமிழர் இருக்கிறார். தமிழில் பேசலாமா? ஊர்க்காரருக்கு உதவுவது தவறா?

தாராளமாகப் பேசுங்கள். மூன்றாவது ஆள் இருக்கும் இடத்தில் வேலைப் பேச்சு மட்டும் எல்லோருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும். யார் எதைச் செய்வது என்பதை நீங்கள் இருவரும் தமிழில் முடித்துவிட்டுப் பிறகு இந்தியில் அறிவித்தால், முடிவு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் மற்றவர்களுக்கு நம்பிக்கை வராது. மராத்தியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். உடைந்த மராத்தியில் பேசினாலும் இங்கே மனம் திறந்து பேசுவார்கள்.

வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விசாரிப்பது, உடம்பு சரியில்லாதபோது ரசம் வைத்துக் கொண்டுபோவது எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். மாட்டுங்கா, தாராவி, செம்பூரில் நமக்கு முன்னால் வந்தவர்கள் அப்படி ஒருவரையொருவர் தாங்கித்தான் காலூன்றினார்கள். நைட் ஷிஃப்ட், இன்க்ரிமென்ட், சுலபமான பார்ட்டி ஆகியவற்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே விதி. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பாரபட்சம் என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து தமிழரிடம் மட்டும் கூடுதல் கடுமை காட்டுகிறார்கள். அவர் ஞாயிறு வேலை முழுவதையும் சுமந்துகொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பார்.

என்னைவிட இருபது வயது மூத்தவர் என் டீமில். நான் சொன்னால் கேட்பாரா?

மற்றவர்கள் "காகா" (மராத்தியில் சித்தப்பா) என்று கூப்பிட்டால் நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். காகிதக் கோப்பைத் தூக்கிக்கொண்டு கஸ்டம்ஸ் ஹவுஸில் மேஜை மேஜையாக அலைந்த காலத்தைப் பார்த்தவர் அவர். முடிவெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொன்னதற்கு மாறாக முடிவெடுத்தால், மற்றவர்களுக்கு அறிவிக்கும் முன் அவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். புது சாஃப்ட்வேர் வந்தால் அவருக்கு யாரும் பார்க்காத நேரத்தில் கற்றுக்கொடுங்கள். எல்லோர் முன்னாலும் இருபத்து மூன்று வயதுப் பையனைவிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால், அவர் கற்றுக்கொள்ளவே மாட்டார்.

பாராட்டுவது எப்படி?

பெயர் சொல்லி, செய்த வேலையைச் சொல்லி, அவர் இல்லாத இடத்திலும் பாராட்டுங்கள். மேலதிகாரிக்கு அனுப்பும் மின்னஞ்சலில் "டீம் செய்தது" என்பதோடு நிறுத்தாமல், இரவு பதினோரு மணிவரை நவா ஷேவாவில் நின்றவர் பெயரையும் எழுதி, அவரையும் சி.சி.யில் வையுங்கள்.

டீமில் ஒரு பெண், சக ஊழியர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக என்னிடம் சொன்னார். நான் என்ன செய்ய வேண்டும்?

முழுவதும் கேளுங்கள். "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. நீங்களே இருவரையும் கூப்பிட்டு விசாரிப்பதும், மன்னிப்புக் கேட்கவைத்து முடித்துவைப்பதும் உங்கள் வேலை இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். இந்தக் கால அளவுகள் அவருக்குத் தெரியுமா என்று கேட்டு, தெரியாவிட்டால் அன்றே சொல்லிவிடுங்கள். குழு உறுப்பினர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். எழுத உதவி கேட்டால் செய்யுங்கள். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ லீவோ வேண்டும் என்று அவர் குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். கேட்ட விஷயத்தை வேறு யாரிடமும் பேசாதீர்கள், வீட்டிலும்கூட.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுக்கும் எனக்கும் என்ன?

பெயர் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் அனுப்பும் பட்டியலில் அவர்களையும் சேருங்கள், அநேகமாக எல்லோரையும்விடத் தூரத்திலிருந்து வருபவர்கள் அவர்கள்தான். சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று எப்போதாவது கேளுங்கள். வரவில்லை என்றால் அதை அட்மினிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்குக் குரல் இருக்கிறது, அவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

நன்றாக வேலை செய்பவர் ராஜினாமா கொடுத்துவிட்டார். நிறுத்திவைக்க முயலலாமா?

ஒரு தடவை மனம்விட்டுக் கேளுங்கள். சம்பளம்தான் காரணம், உங்களால் வாங்கித் தர முடியும் என்றால் ஓரிரு நாளில் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். எழுத்தில் வராது என்றால் வாய்வார்த்தை கொடுத்துப் புது வேலையையும் கெடுத்துவிடாதீர்கள். போவது என்று அவர் முடிவு செய்துவிட்டால் கோபத்தைக் காட்டக் கூடாது. நோட்டீஸ் காலத்தில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும், மிச்ச வேலையையெல்லாம் அவர் மேல் கொட்டுவதும் பல இடங்களில் நடக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள், தாங்கள் போகும்போதும் இதே கதிதான் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். ரிலீவிங் லெட்டர், பாக்கிச் சம்பளம், பி.எஃப். விவரம் ஆகியவை எந்தத் தேதியில் கிடைக்கும் என்று ஹெச்.ஆரிடம் கேட்டு அவரிடம் சொல்லுங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாவிட்டால் பல நிறுவனங்களில் சேரவே முடியாது. கடைசி நாளன்று மதியமே நீங்கள் ஹெச்.ஆர். மேஜைக்கு நேரில் போய் லெட்டர் கையெழுத்தாகிவிட்டதா என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்குக் கையில் பையோடு நிற்பவரிடம் "சார் கிளம்பிட்டார், அடுத்த வாரம் வாங்க" என்று யாரும் சொல்லும்படி விடாதீர்கள்.